வெயிலில் வைத்த நான்கு பேட்டரிகள்

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் பல வருடம் கம்ப்யூட்டர் பழுதுபார்த்துப் பிழைத்தவன் நான். பழைய மெஷின்களில் பாதிக்கு நோய் என்னவென்று திறக்காமலே சொல்லிவிடலாம். ஸ்விட்சைப் போட்டதும் திரையில் 1980ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி என்று காட்டும். கொண்டு வந்தவர் சிரிப்பார். "என்னங்க இது, நம்மள பின்னாடி இழுத்துக்கிட்டுப் போவுது!" என்பார். நானும் சிரிப்பேன். ஆனால் அந்தத் திகதியைப் பார்த்த நொடியில் என் காதுமடல் சூடாகிவிடும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அப்படித்தான். அதற்குப் பெயர் வெட்கம். வேறு பெயர் வைத்துப் பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை.

அந்தத் திகதி ஏன் வருகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையில் பயாஸ் என்று ஒரு சில்லு இருக்கிறது. மெஷினுக்கு உயிர் வந்ததும் முதலில் கண் விழிப்பது அதுதான். எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காலைப் பெரட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் வேலை உடனே விளங்கும். விடிந்ததும் எல்லாரும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்க, வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா செக்ரோல் பதிவேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடுவார் அல்லவா, அதேதான். மெமரி வந்தாச்சா, விசைப்பலகை வந்தாச்சா, டிஸ்க் வந்தாச்சா என்று பயாஸ் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்க்கும். எல்லாம் சரியென்றால் ஒரு பீப். அதன்பிறகுதான் வேலை ஆரம்பம். யார் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற பட்டியலும் இன்றைய திகதியும் ஒரு சின்ன நினைவகத்தில் இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் அந்த நினைவகத்தை ஒரு பேட்டரிதான் தாங்கிப் பிடிக்கும். பேட்டரி போனால் பட்டியலும் போச்சு, திகதியும் போச்சு. பட்டியலில் பேர் இல்லாத டிஸ்க், தன் இடத்திலேயே நல்லபடியாக நின்றுகொண்டிருந்தாலும், அன்றைக்கு அதற்கு வேலை கிடையாது.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. எண்பதுகளின் பிற்பகுதியில், பூண்டுலோயாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சின்ன கிளாக்கராக இருந்தபோது எனக்கு இதில் ஒன்றுமே தெரியாது. தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்ள மட்டும் நன்றாகத் தெரியும்.

தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்து, ஆபீஸ் நாற்காலி வரை போய்ச் சேர்ந்த முதல் ஆள் எங்கள் டிவிசனில் நான்தான். போதாக்குறைக்கு, தோட்டத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வருகிறது என்றதும், என்னைக் கொழும்புக்குப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அதில் மூன்று நாள் எனக்குக் காய்ச்சல். திரும்பி வந்தபோது லயத்தில் என்னைக் 'கம்ப்யூட்டர் ஐயா' என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. நடையே மாறிவிட்டது என்று அம்மா சொன்னார்.

மெஷின் ரயிலில் நானுஓயா வரை வந்து, அங்கிருந்து வேனில் இரண்டு தலையணைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தது. பொருத்திக் கொடுக்கக் கொழும்பிலிருந்து ஒரு டெக்னீசியன் வந்தார், சிங்களவர். தினமும் எந்த மலையில் எவ்வளவு கொழுந்து, யார் வேலைக்கு வந்தது, எந்தக் குடும்பம் எந்தக் காம்பரா அறையில் என்று பேரேடுகளில் கிடந்ததையெல்லாம் இனி அதில் பதிய வேண்டும். முதல் நாள் ஸ்விட்ச் போட்டபோது, திரையில் மெமரி எண்ணிக்கொண்டு போவதைப் பார்க்க ஜன்னலுக்கு வெளியே கூட்டம். டெக்னீசியன் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, அதில் ஓர் எண்ணைக் காட்டி, "இது டிஸ்க்கோட வகை எண். எங்கயாவது எழுதி வச்சுக்க" என்று சிங்களத்தில் சொன்னார். நான் "ஹரி, ஹரி" என்று அவர் பாஷையிலேயே சரி சொல்லித் தலையாட்டினேன். எழுதவில்லை. அது எதற்கு என்று கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். ஆனால் பக்கத்தில் பெரிய கிளாக்கர் நின்றுகொண்டிருந்தார். முப்பது வருடம் டைப்ரைட்டரைத் தட்டியவர். "இந்தப் பொட்டி எத்தன நாளைக்கு ஓடுதுன்னு பாப்போம்" என்று வந்த அன்றே சொன்னவர். பொட்டி விழுந்தால் அதோடு நானும் விழுவேன் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

ஆபீஸைக் கூட்டிப் பெருக்கி, எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தரும் வேலையில் ஓர் அக்கா இருந்தார். எங்கள் லயத்துக்கு மேல் லயம். இரண்டு வருடத்துக்கு முன் மழையில், செங்குத்தான ஒரு மலையில் கூடையோடு சறுக்கி விழுந்து, முழங்கால் உடைந்துவிட்டது. எலும்பு சேர்ந்தது, ஆனால் கால் முழுசாக மடங்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் கடிதம் கொடுத்து, தோட்ட மேலாளரான துரை ஒப்புக்கொண்டு, ஆபீஸ் வேலை கிடைத்தது. சிமெண்டுத் தரையில், சமதளத்தில் நடக்கிற வேலை. அந்த அக்காவுக்கு உலகத்தில் அதைவிடப் பெரிய பதவி இல்லை. விளக்குமாறைக்கூட ஆணியில்தான் மாட்டி வைப்பார், மூலையில் சாத்த மாட்டார். ஆபீஸுக்குள் என்னை 'ஐயா' என்பார். வேலை முடிந்து, லயத்துப் பாதையில் கண்டால் 'தம்பி'. "தம்பி, அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கு?" என்று நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

ஆறேழு மாதத்தில் மெஷினின் கடிகாரம் பின்னடிக்க ஆரம்பித்தது. காலையில் பார்த்தால் அரை மணி, ஒரு மணி பிந்திக் காட்டும். நான் பெட்டியைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் கூட்டில் நான்கு சின்ன பேட்டரிகள் இருந்தன, டோர்ச் லைட்டுக்குப் போடுகிற மாதிரி. எனக்குப் பெரிய நிம்மதி. இது நமக்குத் தெரிந்த விஷயம்!

தோட்டத்தில் ரேடியோ பேட்டரி இறங்கிவிட்டால் யாரும் உடனே வீசிவிட மாட்டார்கள். தகரக்கூரை மேல் வெயிலில் காய வைப்பார்கள். வெயில் இல்லாத நாளில் அடுப்புமேட்டில் வைப்பார்கள். சூடேறினால் கொஞ்சம் உயிர் வரும், இன்னும் ஒரு வாரம் பாட்டு கேட்கலாம். நான் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய வைத்தியம். கொழும்புப் பயிற்சியில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லையே என்று எனக்கு உள்ளூர ஒரு கேலிகூட இருந்தது.

ஆயுத பூசையன்று நாள் வாய்த்தது. அன்றைக்கு மெஷின்களுக்கெல்லாம் ஓய்வு. ஃபேக்டரியில் ரோலர்களைக் கழுவிச் சந்தனம் வைத்தார்கள். ஆபீஸில் பேரேடுகளையும் டைப்ரைட்டரையும் கம்ப்யூட்டரையும் வரிசையாக வைத்துப் படைக்கும்படி பெரிய கிளாக்கரே சொன்னார். காலையில் நல்ல வெயில். யாரும் இல்லாத நேரம் பார்த்து நான்கு பேட்டரிகளையும் கழற்றி, பின்பக்க ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தேன். பிறகு அக்கா வந்து எல்லாவற்றையும் துடைத்து, மெஷினின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தார். டைப்ரைட்டருக்கும் தெளித்தார், பேரேட்டுக்கும் தெளித்தார், எனக்கும் இரண்டு சொட்டு.

மத்தியானம் ஃபேக்டரிப் பூசைக்குப் போய்ச் சுண்டல் தின்றுகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி மழை, சொல்லிக்கொண்டா வருகிறது? அடித்துப் பிடித்து ஓடி வந்தால், ஜன்னல் கட்டை வெறுமையாக நனைந்து கிடந்தது. பேட்டரிகள் நான்கும் என் மேசையில், ஒரு காகிதத்தின் மேல், ஈரம் துடைத்து வைக்கப்பட்டிருந்தன. தப்பித்தோம் என்று எடுத்துப் பெட்டிக்குள் மாட்டினேன். யார் எடுத்து வைத்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை.

மறுநாள் ஸ்விட்சைப் போட்டேன். மெமரி எண்ணியது. ஒரு பீப்புக்குப் பதில் இரண்டு பீப். திரையில் பச்சை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி: அமைப்பு விபரங்கள் தவறு, சரிசெய்யவும், தொடர ஒரு விசையை அழுத்தவும். அழுத்தினேன். 1980 ஜனவரி ஒன்று. டிஸ்க் என்ற இடத்தில் 'இல்லை'. வகை எண்ணைக் கேட்டது. நாற்பதுக்கு மேல் வகைகள் வரிசையாக இருந்தன. நான் எழுதி வைக்காத அந்த எண் அதில் ஒன்று. ஒன்று போட்டுப் பார்த்தேன், இரண்டு போட்டுப் பார்த்தேன், மூன்று. ஒவ்வொரு தடவையும் அணைத்து, மறுபடி போட்டு, மறுபடி இரண்டு பீப். முழுத் தோட்டத்தின் விபரமும் அந்த டிஸ்க்கில்.

பெரிய கிளாக்கர் எட்டிப் பார்த்தார். "என்ன ஐயா, இன்னும் முழிக்கலயா?" என்று கேட்டுவிட்டு, நேரே துரையின் அறைக்குப் போனார்.

துரை வந்தார். கோபக்காரர் இல்லை, அவசரக்காரர். மெஷினைச் சுற்றி வந்தார். காற்றோட்டத் துவாரங்களில் மஞ்சள் தண்ணீர் வழிந்து காய்ந்த கோடுகள், சந்தனம், உள்ளே ஒரு செவ்வந்தி இதழ். விரலால் தொட்டுப் பார்த்து, "இது என்ன?" என்றார்.

"அந்தப் பொம்பளதாங்க சார் தண்ணி தெளிச்சுச்சு" என்றார் பெரிய கிளாக்கர். படைக்கச் சொன்னவர் தான்தான் என்பதை அவர் சொல்லவில்லை.

துரை என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார். தண்ணீர் உள்ளே போனால் இப்படி ஆகுமா?

வாசலில் அக்கா விளக்குமாறோடு நின்றுகொண்டிருந்தார். ஆங்கிலம் அவருக்குத் தெரியாது. ஆனால் பேச்சு தன்னைப் பற்றி என்று தெரிந்திருந்தது. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆகலாம் சார்" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. பொய் என்று யாரும் என்னைப் பிடிக்க முடியாது. தண்ணீர் போனால் எந்த மெஷினுக்கும் ஏதாவது ஆகலாம்தான். இந்தச் சமாதானத்தை அன்றைக்குச் சாயந்தரம் வரை நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். கேவலமான சமாதானம். பேட்டரியைக் கழற்றியதால்தான் இது நடந்தது என்று அந்த நேரத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரியாது, உண்மைதான். ஆனால் சந்தேகம் தொண்டை வரை வந்து நின்றது. அதை முழுங்கியது நான்தான்.

அக்கா இனி ஆபீஸுக்குள் வர வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டார். மறுநாள் காலைப் பெரட்டில் அக்காவின் பேரைக் கொழுந்துக்குக் கூப்பிட்டார்கள். அன்றைக்குக் கொழுந்து ஆபீஸுக்கு எதிரே உள்ள மலையில், மேலே போகப் போகச் செங்குத்தாக நிற்கிற மலை. கூடையை முதுகில் போட்டு, படங்குச் சாக்கை இடுப்பில் கட்டி, அந்தக் காலைப் பக்கவாட்டில் இழுத்து வைத்து வைத்து ஏறினார். என் ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரிந்தது. நான் மேசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். வெளிச்சம் கண்ணில் படுகிறது என்று பெரிய கிளாக்கரிடம் காரணம் சொன்னேன்.

வீட்டில் அம்மா கேட்டார். "அந்தப் பிள்ளய ஏன்டா மலைக்கு அனுப்பிட்டாங்க? காலு முடியாதே அதுக்கு."

"தொர ஓடர்" என்றேன். அம்மா மேலே கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து டெக்னீசியன் வந்தார். பெட்டியைத் திறந்தார். தண்ணீர் பட்ட இடங்களைப் பார்த்து, "இதெல்லாம் வெளியோட சரி" என்றார். டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, எண்ணை அடித்தார். பதினேழு. இன்றைக்கும் மறக்கவில்லை. திகதியைப் போட்டார். அணைத்துப் போட்டார். ஒரு பீப். அத்தனை பேரும், அத்தனை லயமும் அப்படியே இருந்தன. ஓர் எழுத்துக்கூடப் போகவில்லை. நான் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பெரிய கிளாக்கர் டைப்ரைட்டர் ரிப்பன் வாங்க டவுனுக்குப் போயிருந்தார். அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். டெக்னீசியன் பேட்டரிக் கூட்டைத் தூக்கிப் பிடித்து, "இதக் கழட்டினது யாரு?" என்றார்.

"நான்தான்" என்றேன். வெயிலில் வைத்ததையும் சொன்னேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தன் அம்மாவும் ரேடியோ பேட்டரியை அப்படித்தான் காய வைப்பார் என்றார். கழற்றினால் அந்த நொடியே ஞாபகம் போய்விடும், இனிமேல் கழற்றாதே என்றார். நல்ல மனுஷன். புது பேட்டரி மாட்டிக்கொண்டே கதை சொன்னார். இந்த பயாஸ் அமெரிக்காவில் முதலில் செய்தவர்களுடையது இல்லையாம், அதைப் பார்த்துச் செய்த வேறு ஒன்றாம். அப்படியே பார்த்து எழுதினால் திருட்டாகிவிடும். அதனால் ஓர் அறையில் கொஞ்சப் பேர் அசலைப் படித்து, அது என்னென்ன செய்கிறது என்று மட்டும் எழுதினார்களாம். இன்னோர் அறையில், அசலைக் கண்ணாலேயே காணாத ஆட்கள், அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதினார்களாம். எழுதுகிறவன் பார்த்திருக்கவே கூடாது, அதுதான் சட்டமாம். சிரித்தபடி சொல்லிவிட்டு, அறிக்கைப் படிவத்தை எடுத்து, பழுதுக்குக் காரணம் என்ற இடத்தில் பேனாவை வைத்தார்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. முதல் தடவை பயத்தில் உளறிவிட்டேன் என்றாவது சொல்லலாம். இந்தத் தடவை அப்படிச் சொல்ல வழியில்லை. துரை நல்ல மனநிலையில் பங்களாவில் இருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அறிக்கையில் ஒரு வரி வந்திருந்தால், அக்கா மறுநாளே விளக்குமாறை ஆணியில் மாட்டியிருப்பார். எனக்குப் போயிருக்கக்கூடியது கொஞ்சம் மரியாதை, பெரிய கிளாக்கரின் ஒரு வாரச் சிரிப்பு.

"பேட்டரி விஷயத்த எழுத வேணாம் மாத்தயா" என்றேன். "மெஷின் பழுதுன்னு மட்டும் போடுங்க."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். அவருக்கு அக்காவைத் தெரியாது. நான் வேலைக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்திருப்பார். பாவம் பார்த்து, நான் சொன்னதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். துரை அதைப் படித்துவிட்டு, இனிமேல் மெஷின் பக்கம் பூசை கீசை எதுவும் வேண்டாம் என்று ஓடர் போட்டார்.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் அந்த ஆபீஸில் இருந்தேன். சாயந்தரம் கொழுந்து நிறுக்கும்போது எல்லாருக்கும் கடைசியாக அக்கா வருவார். முழங்காலில் பழைய துணியைச் சுற்றியிருப்பார். ஒருநாள் எங்கள் அம்மா மூலம் ஒரு போத்தல் தைலம் கொடுத்தனுப்பினேன். மூடி திறக்காமல் அப்படியே திரும்பி வந்தது. "வீட்ல இருக்குன்னு சொல்லிருச்சு" என்றார் அம்மா. பாதையில் எதிர்ப்பட்டால் 'வாங்க ஐயா' என்று மட்டும் சொல்வார். அம்மாவின் இருமலைப் பற்றிக் கேட்பதில்லை. 'தம்பி' என்ற சொல் அதோடு நின்றுவிட்டது.

நான் மட்டும் மெஷினில் கெட்டிக்காரனாகிக்கொண்டே போனேன். வெட்கம் ஒருவனைப் படிக்கவும் வைக்கும் போலிருக்கிறது. பயாஸ் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பிற்காலத்தில் டிஸ்க் தானே தன் வகையைச் சொல்லும் பயாஸ் வந்தது, காசு போன்ற ஒற்றைப் பேட்டரி வந்தது, கடைசியில் பயாஸையே ஒதுக்கிவிட்டு வேறொன்று வந்தது. எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழைய பயாஸிடம் ஒரு குணம் எனக்குப் பிடிக்கும், பிடிக்கும் என்பதைவிட உறுத்தும். தன்னிடம் குறை இருந்தால் எழுந்ததும் முதல் வேலையாக அதைச் சொல்லிவிடும். சொல்லிவிட்டு, யாராவது ஒரு விசையை அழுத்தும் வரை மேலே ஓர் அடி வைக்காது.

ஹட்டனில் ஒரு கடையில் வேலை கிடைத்துத் தோட்டத்தை விட்டுப் புறப்பட்ட நாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு குறுக்குப் பாதையில் பஸ்ஸுக்கு இறங்கினேன். கொழுந்துக்கு ஏறி வந்த கூட்டம் என்னைத் தாண்டி மேலே போய்விட்டது. கடைசியாக அக்கா மட்டும் வந்துகொண்டிருந்தார். இனி இவரைப் பார்க்கப் போவதில்லை, இப்போது சொன்னால் எனக்கு ஒன்றும் போகாது என்ற தைரியம் வந்தது. என் தைரியம் எப்போதும் அப்படித்தான் வரும்.

"அக்கா, அன்னைக்கு அந்த மெஷின் கெட்டது ஒங்க தண்ணியால இல்ல" என்று ஆரம்பித்தேன்.

அவர் மூச்சு வாங்க நின்றார். கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை. வேலைக்கு நேரமாகிறது என்ற கவலைதான் இருந்தது.

"தெரியுங்க ஐயா. பெட்டரிய ஜன்னல்ல காய வச்சிருந்தீங்களே. மழ வந்தப்ப நான்தானே எடுத்துத் தொடச்சு ஒங்க மேசையில வச்சேன். அது இல்லாம பொட்டி ஓடாதுன்னு நெனச்சுத்தான் தொடச்சு வச்சேன்." கூடையை முதுகில் சரிசெய்தார். "தொர கேட்டப்ப நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் அந்தக் கொழும்பு மாத்தயா வந்து பொட்டிய சரி பண்ணினப்பவாவது சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

பெட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

அந்தப் பாதையில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாது. ஆபீஸ் ஐயாமார் எதிரே வந்தால் கூடைக்காரர்கள்தான் பாதையை விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும், அது தோட்டத்து வழக்கம். அக்கா ஒரு தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு, மடங்காத காலைச் சரிவில் ஊன்ற முடியாமல் ஊன்றி, எனக்கு வழிவிட்டு நின்றார். நான்தான் ஒதுங்கியிருக்க வேண்டும். ஆனால் பஸ் ஹோர்ன் கேட்டது. நான் அவரைத் தாண்டி இறங்கிப் போனேன்.